ஒரு சொட்டு ரத்தமும் ஒரு அவசரத் தீர்ப்பும்

(மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் என் அறைக்கு வந்தபோது, "மச்சி, நீ மெக்கானிக்கல்... ரோபோ கீபோன்னு ஏதாவது எழுதிக் கொடுடா" என்றான். நான் எழுத உட்கார்ந்திருப்பதோ காய்ச்சலைப் பற்றி! "உனக்கும் வைத்தியத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம் தொழில் அளவெடுப்பது. முதல் வருடம் வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்தபோதே ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது என்ன? "ஜீரோ எரர் பார்க்காம ரீடிங் எடுக்காதே. ஒரே ஒரு ரீடிங்கை நம்பாதே." இரும்புத் துண்டுக்கே இவ்வளவு கவனம் என்றால் மனித உடம்புக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

ஹாஸ்டலில் யாருக்காவது இரண்டு நாள் உடம்பு சுட்டால் போதும். அடுத்த நாளே லேப், அதற்கடுத்த நாள் கையில் ஒரு சீட்டு, சீட்டில் 'டைபாய்டு பாசிட்டிவ்'. அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதன் பெயர் வைடால் டெஸ்ட். ஒரே ஒரு வைடால் சீட்டை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று தீர்ப்பு எழுதுவதும், அந்தத் தீர்ப்பை நாம் கையைக் கட்டிக்கொண்டு ஏற்பதும் தவறு என்பதே என் கருத்து. என் கூடப் படுத்து எழுந்த ஒருவன் பட்ட பாட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

எங்கள் அறையில் நடந்தது

போன வருடம் ஆயுத பூஜை விடுமுறைக்கு என் அறைத்தோழன் ஊருக்குப் போனான். விவசாயக் குடும்பம். நாலு நாளும் அப்பாவோடு சேர்ந்து மாட்டுக்குப் புல் அறுத்திருக்கிறான். திரும்பி வந்து பத்து நாள் இருக்கும், காய்ச்சல் பிடித்துக்கொண்டது. தலைவலி, உடம்பு வலி, சாப்பாடு பிடிக்கவில்லை. போர்டு பிராக்டிகல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

மூன்றாம் நாள் நாங்களே அவனை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு லேபுக்கு அழைத்துப் போனோம். டாக்டரிடம் போகவில்லை. "முதல்ல டெஸ்ட் எடுத்துட்டா டாக்டர் ஃபீஸ் ஒரு தடவையோட முடிஞ்சிடும்" என்று ஒருவன் யோசனை சொல்ல, நாங்களும் தலையாட்டினோம். முதல் தப்பு எங்களுடையது. அதை மறைக்க விரும்பவில்லை.

அரை மணி நேரத்தில் சீட்டு வந்தது. 'ஓ 1:160, எச் 1:80'. லேப்காரர், "தம்பி, டைபாய்டு நல்லாவே இருக்கு. லேட் பண்ணாம ஊசி ஆரம்பிச்சிடுங்க" என்றார். அந்தச் சீட்டோடு ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே சீட்டைப் பார்த்தார்கள், பையனைப் பார்க்கவில்லை. காலையும் மாலையும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. ஒரு நாள், இரண்டு நாள்... ஐந்து நாள் ஆயிற்று. காய்ச்சல் இறங்கவே இல்லை. "டைபாய்டுன்னா அப்படித்தான், மெதுவாத்தான் இறங்கும்" என்றார்கள். ஊரிலிருந்து அவன் அப்பா வந்துவிட்டார். ஆடு விற்ற பணத்தை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பயந்துபோய் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ராத்திரி டியூட்டியில் இருந்த டாக்டர் அம்மா முதலில் சீட்டைக் கேட்கவில்லை. "தம்பி, சமீபத்துல ஊருக்குப் போனியா? வயல்ல, புதர்ல இறங்கினியா?" என்று கேட்டார். சட்டையைக் கழற்றச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு! வலியே இல்லாததால் அவனும் அதைக் கண்டுகொள்ளவில்லை. "ஸ்க்ரப் டைபஸ் மாதிரி இருக்கு. ஒரு சின்ன உண்ணி கடிச்சு வர்றது. டைபாய்டு ஊசி இதுக்குக் கேக்காது" என்றார். டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. பிறகு வந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்க்ரப் டைபஸ் என்றே உறுதிப்படுத்தியது.

உயிர் பிழைத்தான். ஆனால் பிராக்டிகல் போயிற்று. இரண்டு பேப்பர் அரியர். அப்பாவின் ஆடுகளும் போயின. இவை எல்லாம் போனது எதனால்? நோயால் பாதி. ஒரு சீட்டை அளவுக்கு மீறி நம்பியதால் பாதி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'டைபாய்டு' என்ற சொல்லுக்கே 'டைபஸ் போன்றது' என்றுதான் பொருள். அந்தக் காலத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1837-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் வில்லியம் கெர்ஹார்ட் என்ற மருத்துவர், பேன் காலத்து டைபஸ் வேறு, டைபாய்டு வேறு என்று பிரித்துக் காட்டினார். ஸ்க்ரப் டைபஸ் அந்தப் பழைய டைபஸுக்கு உறவுமுறை. இருநூறு வருடம் நெருங்கப் போகிறது. நம் ஊர்ச் சீட்டில் குழப்பம் மட்டும் தீரவில்லை!

வைடால் என்றால் என்ன?

சும்மா திட்டுவது அழகல்ல. கருவியைக் குறை சொல்லுமுன் கருவி வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும் அல்லவா?

டைபாய்டுக்குக் காரணம் சால்மொனெல்லா டைஃபி என்ற பாக்டீரியா. ஜெர்மானியரான எபெர்ட் 1880-இல் இதைக் கண்டார். 1884-இல் காஃப்கி தனியே வளர்த்துக் காட்டினார். உடம்புக்குள் ஒரு கிருமி புகுந்தால், அதை எதிர்க்க நம் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அந்த எதிர்ப்பொருள் உள்ள ரத்தநீரைக் கிருமிக் கரைசலில் விட்டால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பால் திரிவது போலக் கட்டிக்கட்டியாகச் சேரும். 1896-இல் வியன்னாவில் க்ரூபர், டர்ஹாம் என்ற இருவர் இந்தத் திரிதலை விளக்கினார்கள். அதே ஆண்டு பாரிஸில் ஜார்ஜ் ஃபெர்னான் விதால் என்ற மருத்துவர், இதையே நோயாளியின் ரத்தத்தைக் கொண்டு டைபாய்டு கண்டுபிடிக்கும் வழியாக ஆக்கினார். அவர் பெயர்தான் நம் ஊர் வாயில் 'வைடால்' ஆகிவிட்டது.

சீட்டில் வரும் 'ஓ' என்பது கிருமியின் உடல் உறையைக் குறிக்கும். 'எச்' என்பது அது நீந்தப் பயன்படுத்தும் வாலைக் குறிக்கும். இரண்டுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள். 1:80 என்றால் என்ன? ஒரு பங்கு ரத்தநீரை மொத்தம் 80 பங்கு ஆகும்வரை உப்புநீர் விட்டு நீர்க்கச் செய்த பிறகும் கட்டி சேருகிறது என்று அர்த்தம். 1:20, 1:40, 1:80, 1:160, 1:320 என்று ஒவ்வொரு குழாயிலும் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போவார்கள். கட்டி தெரியும் கடைசிக் குழாய்தான் 'டைட்டர்'. எண் பெரிதானால் எதிர்ப்பொருள் அதிகம்.

குழாய் முறையில் செய்தால் மணிக்கணக்கில் வெப்பத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் பல லேப்களில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தநீர், ஒரு சொட்டு மருந்து கலந்து, ஒரு நிமிடம் ஆட்டிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். கட்டி சேர்ந்ததா இல்லையா என்று முடிவு சொல்வது ஒருவருடைய கண். சொட்டு கொஞ்சம் பெரிதானால், நேரம் கொஞ்சம் கூடினால், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் ரீடிங் மாறும். நம் மெட்ராலஜி லேபில் இதற்கு என்ன பெயர்? அப்சர்வேஷன் எரர்!

விரல் மை சொல்லும் சாட்சி

சரி, எண் சரியாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது என்ன சொல்கிறது? 'இந்த உடம்பு இந்த மாதிரிக் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறது' என்பதை மட்டுமே சொல்கிறது. ஓட்டுப் போட்டவன் விரலில் மை இருக்கும். மையைப் பார்த்து 'இவன் ஓட்டுப் போட்டவன்' என்று சொல்லலாம். 'இவன் இப்போது சாவடிக்குள் நிற்கிறான்' என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆன்டிபாடியும் அப்படித்தான். கிருமி போய் மாதங்கள் ஆனாலும் மை அழியாது.

போன வருடம் டைபாய்டு வந்து போனவனுக்கு இருக்கும். அந்தக் காலத்து முழுக்கிருமித் தடுப்பூசி போட்டவர்களுக்கு இருந்தது. சால்மொனெல்லா குடும்பத்து வேறு கிருமி தொற்றினாலும் வரும். இந்தக் கிருமிகளுக்குள் உறைகள் ஒன்றுபோல இருப்பதுதான் காரணம். மலேரியா, டெங்கு போன்ற வேறு காய்ச்சல்களிலும் எதிர்ப்பொருள் தட்டி எழுப்பப்பட்டு டைட்டர் ஏறிக் காட்டுவதுண்டு. தண்ணீரும் சாக்கடையும் பக்கம் பக்கமாக ஓடும் நம் மாதிரி ஊர்களில், நோயே இல்லாத பலர் ரத்தத்திலும் கொஞ்சம் டைட்டர் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எதிர்ப்பொருள் உருவாக நாள் பிடிக்கும். 'ஓ' ஏறுவதற்கே கிட்டத்தட்ட ஒரு வாரம். 'எச்' அதற்கும் பின்னால். ஆகவே நிஜமான டைபாய்டு நோயாளி மூன்றாம் நாளில் போய் ரத்தம் கொடுத்தால், 'நெகட்டிவ்' வருவதற்கே வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால் பிறகும்கூட ஏறாமல் போகலாம். இல்லாததை இருக்கு என்றும், இருப்பதை இல்லை என்றும் சொல்லக்கூடிய ஒரு கருவியை வைத்துக்கொண்டு, மூன்றாம் நாளில் எந்தத் தைரியத்தில் தீர்ப்பு எழுதுகிறோம்?

பாடப்புத்தகம் சொல்லும் முறை வேறு. முதல் வாரம் ஒரு முறை, ஏழிலிருந்து பதினான்கு நாள் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நாலு மடங்கு ஏறியிருந்தால் (1:40 இருந்தது 1:160 ஆனது போல) அதற்கு மதிப்பு உண்டு. அதாவது ஒரு ரீடிங் போதாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செய்தி. ஆனால் இரண்டாவது முறை எடுப்பவர் எத்தனை பேர்? அதற்குள் ஊசிக் கோர்ஸே முடிந்துவிடுகிறது!

இன்னொரு கூத்தும் நடக்கிறது. காய்ச்சல் போய், பசியெடுத்து, மெஸ்ஸில் எக்ஸ்ட்ரா பரோட்டா கேட்கிறவனை, "டைபாய்டு முழுசா போயிடுச்சான்னு இன்னொரு வைடால் எடுத்துப் பாரு" என்று அனுப்புகிறார்கள். எண் இறங்கியிருக்காது, மை அவ்வளவு சீக்கிரம் அழியாது என்று சொன்னேன் அல்லவா? உடனே "இன்னும் இருக்கு" என்று மறுபடி மருந்து. குணமானவனுக்கு மருந்து கொடுக்கும் அதிசயம் இது.

நாங்கள் செய்த காலிப்ரேஷன்

நண்பன் தேறி வந்த பிறகு எங்களுக்கு ஒரு யோசனை வந்தது. எந்தக் கேஜையும் நம்புவதற்கு முன் தெரிந்த அளவுள்ள ஒரு ஸ்டாண்டர்டை வைத்துச் சோதிப்போம் இல்லையா? அதேபோல, காய்ச்சலே இல்லாத, காலையில் கிரவுண்டில் வாலிபால் ஆடிவிட்டு வந்த நாலு பேர் போய் வைடாலுக்கு ரத்தம் கொடுத்தோம்.

முடிவு? ஒருவனுக்கு ஒன்றுமில்லை. இருவருக்கு 'ஓ 1:40'. நாலாவது ஆள், அதாவது அடியேன், 'ஓ 1:80, எச் 1:80'. "உங்களுக்கு லேசா டைபாய்டு இருக்கு தம்பி, மாத்திரை சாப்பிட்டுடுங்க" என்று அன்போடு சொன்னார்கள். நான் அன்று மதியம் மெஸ்ஸில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்!

நாலு பேரை வைத்து ஆராய்ச்சி என்று பெருமை பேச மாட்டேன். ஆனால் எங்களுக்கு ஒன்று புரிந்தது. இந்த கேஜில் ஜீரோ எரர் உண்டு. அந்த எரர் ஊருக்கு ஊர் மாறும். அந்தந்த ஊரில் நோயில்லாதவர்களுக்கு எவ்வளவு டைட்டர் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு மேல்தான் கோடு கிழிக்க வேண்டும். அதைச் செய்யாமல் எல்லா ஊருக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு 'பாசிட்டிவ்' என்று எழுதினால், அது ஜீரோ எரர் கழிக்காத வெர்னியர் ரீடிங்தான்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கென்றால் ஓடாதீர்கள். நிஜ ஊர்ப் புள்ளிவிவரம் இல்லை இது. புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள்.

காய்ச்சலோடு 100 பேர் லேபுக்கு வருகிறார்கள். அதில் நிஜ டைபாய்டு 5 பேர். டெஸ்ட் அந்த 5-இல் 4 பேரைப் பிடிக்கிறது. மீதி 95 பேரில் ஐந்தில் ஒருவருக்குத் தப்பாக 'இருக்கு' என்கிறது. அதாவது 19 பேர். மொத்தம் 'பாசிட்டிவ்' சீட்டு வாங்கியவர்கள் 23. அதில் உண்மை 4 பேர்தான்! மீதி 19 பேர் என் அறைத்தோழன் மாதிரி. நிஜமாக டைபாய்டு உள்ள ஒருவன் வேறு 'உனக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறான்.

இப்போது இன்னொரு விதம். டாக்டர் முதலில் நோயாளியைப் பார்க்கிறார். ஒரு வாரமாக ஏறிக்கொண்டே போகும் காய்ச்சலா, சளி தும்மல் இல்லையா, வயிறு எப்படி, நாக்கு எப்படி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, டெங்கு மலேரியா இல்லையா என்று சலித்தெடுத்து 100 பேரை மட்டும் அனுப்புகிறார். அதில் 50 பேருக்கு நிஜ டைபாய்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே டெஸ்ட், அதே தவறு. 40 பேர் சரியாக, 10 பேர் தப்பாக. 50 சீட்டில் 40 உண்மை.

கருவி மாறவில்லை, கருவியை யார் மேல் வைத்தோம் என்பதுதான் மாறியது. டாக்டருக்கு முன்னால் லேபுக்கு ஓடும் நம் பழக்கம் எவ்வளவு பெரிய தப்பு என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

"ஏழைக்கு எங்கேப்பா கல்ச்சர்?"

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு எதிர்க்கேள்வி வரும். "வேற என்ன வழி இருக்கு? வைடால்தான் சீப். வைடால்தான் உடனே கிடைக்குது." நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தப்பிக்கக் கூடாது.

டைபாய்டை உறுதிப்படுத்தும் வழி பிளட் கல்ச்சர். பெரியவர்களுக்கு ஒரு எட்டு பத்து மில்லி ரத்தம் எடுத்து, சத்துக்கரைசல் உள்ள பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால் மறுபேச்சே இல்லை. திருடனையே கையும் களவுமாகப் பிடித்தது மாதிரி. எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதும் தெரிந்துவிடும். எலும்பு மஜ்ஜைக் கல்ச்சர் இன்னும் துல்லியம். ஆனால் எல்லோருக்கும் செய்கிற காரியம் இல்லை.

கல்ச்சருக்கும் குறை உண்டு. முடிவுக்கு இரண்டு மூன்று நாளாவது காத்திருக்க வேண்டும். நிஜ நோயாளிகள் நூறு பேரில் அறுபது பேர் அளவுக்குத்தான் பிடிபடுவார்கள். முன்னாலேயே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அதுவும் குறையும். செலவும் அதிகம். டைஃபிடாட், ட்யூபெக்ஸ் என்று புதிய ஆன்டிபாடி டெஸ்ட்கள் வந்திருக்கின்றன. அவையும் தனியாக நின்று தீர்ப்பு சொல்லும் அளவுக்கு இல்லை.

அப்படியானால் வைடாலைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறேனா? இல்லை. கல்ச்சர் வசதி எட்டாத இடத்தில், ஒரு வாரம் தாண்டிய காய்ச்சலில், நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர், மற்ற அடையாளங்களோடு சேர்த்து வைடாலைப் பார்க்கட்டும். அது ஒரு சாட்சி. சாட்சியை நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். 'சீப்' என்று சொல்கிறோமே, என் நண்பனின் சீட்டு சீப்தான். அந்தச் சீட்டால் வந்த செலவு இரண்டு ஆடும் இரண்டு அரியரும்!

இது அவன் ஒருவனோடு முடிகிற கதையுமல்ல. 1948-இல் குளோரம்ஃபெனிகால் என்ற மருந்து டைபாய்டைக் குணப்படுத்தியபோது உலகமே கொண்டாடியது. 1972-இல் நம் பக்கத்துக் கேரளாவின் கோழிக்கோட்டில், அந்த மருந்துக்கு மசியாத டைபாய்டு பரவியது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது; இன்று நம் நாட்டில் பெரும்பாலான டைபாய்டுக் கிருமிகளிடம் அதன் ஜம்பம் சாய்வதில்லை. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத வகை பரவியது. டைபாய்டே இல்லாதவனுக்கு டைபாய்டு மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும், நம் உடம்பில் உள்ள கிருமிகளுக்கு அந்த மருந்தை எதிர்க்க டியூஷன் எடுக்கிறோம். நாளைக்கு நம் தம்பி தங்கைக்கு நிஜமாக டைபாய்டு வந்தால் எதைக் கொடுப்பது?

டைபாய்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழுந்து உயிரையே பறிக்கும் நோய் அது. 'வைடால் பொய்' என்று படித்துவிட்டு, காய்ச்சலோடு போர்வை போர்த்திப் படுத்துக்கொள்ளாதீர்கள்!

நாம் என்ன செய்யலாம்?

முதலில் தனி ஆளாக. காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் லேபுக்கு அல்ல, டாக்டரிடம் போவோம். அரசு மருத்துவமனையில் சீட்டுக்குக் காசில்லை. காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வைத்துக்கொள்வோம். எங்கே போனோம், என்ன தண்ணீர் குடித்தோம், வயலில் இறங்கினோமா என்பதை நாமே சொல்வோம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்க மாட்டோம்.

டைபாய்டு என்று யாராவது சொன்னால் மரியாதையாக மூன்று கேள்வி கேட்போம். "சார், காய்ச்சல் வந்து இத்தனை நாள்தான் ஆகுது, இப்பவே வைடாலை நம்பலாமா? மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுக்க முடியுமா? மலேரியா, டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் இல்லேன்னு பார்த்தாச்சா?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார், உட்கார வைத்துப் பதில் சொல்வார். அவர் டைபாய்டு என்று முடிவு செய்து மருந்து கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் முழுக் கோர்ஸையும் முடிப்போம்.

அடுத்து சங்கமாக. டைபாய்டு வருவது மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும். எந்த டெஸ்ட் வேண்டும் என்று சண்டை போடுவதைவிட, டெஸ்ட்டே தேவைப்படாமல் செய்வது மேல் இல்லையா? ஹாஸ்டல் மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியுமா? குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருந்தால் போதும். இரண்டு சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்து நாமே அளந்துவிடலாம். டிப்ளமோ படிக்கிற நமக்கு இது ஒரு வேலையா?

எனவே நம் சங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் நாலு. மாதம் ஒரு முறை தொட்டி கழுவி, தேதியைத் தொட்டி மேலேயே பெயின்ட்டில் எழுத வேண்டும். வாரம் ஒரு நாள் குளோரின் அளந்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். சிவில் துறை நண்பர்கள் பொறுப்பேற்றால் நன்று. மெஸ்ஸில் கொதிக்க வைத்த தண்ணீரும், கழிப்பறைப் பக்கம் சோப்பும் எப்போதும் இருக்க வேண்டும். ஹாஸ்டலில் காய்ச்சல் நோட்டு ஒன்று வைத்து, யாருக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்று குறித்து, மூன்று நாள் தாண்டியவரை வார்டன் சாரே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்த நாட்களுக்கு அட்டெண்டன்ஸில் கைவைக்கக் கூடாது. அட்டெண்டன்ஸ் போய்விடுமே என்ற பயத்தில்தான் பாதிப் பேர் சீக்கிரம் ஒரு ஊசி, சீக்கிரம் ஒரு சீட்டு என்று ஓடுகிறோம்.

டைபாய்டுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. நம் நாட்டிலேயே தயாராகும் கான்ஜுகேட் வகைத் தடுப்பூசியை நோய் பரவும் நாடுகளில் பயன்படுத்தலாம் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. விடுதி மாணவர்களுக்கு முகாம் வைக்க முடியுமா என்று சங்கம் சுகாதாரத் துறையிடம் கேட்டுப் பார்க்கலாமே?

தோழர்களே! நாளைக்கு நம்மில் பலர் ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் நிற்போம். கோ, நோ-கோ கேஜ் கையில் இருக்கும். ஒரு ஷாஃப்ட்டைத் தப்பாக 'ரிஜெக்ட்' என்று ஒதுக்கினால் ஒரு ஷாஃப்ட் நஷ்டம். தப்பாக 'பாஸ்' என்று விட்டால் ஒரு மெஷின் நஷ்டம். அதற்கே கேஜை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் காலிப்ரேஷனுக்கு அனுப்புகிறோம். மனித ரத்தத்தை அளக்கும் கேஜுக்கு இந்தக் கேள்வியை யார் கேட்பது? கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் நாம். நாம்தான் கேட்க வேண்டும்.

என் அறைத்தோழன் இப்போது நன்றாக இருக்கிறான். வருகிற செமஸ்டரில் இரண்டு அரியரையும் எழுதப்போகிறான். அந்த வைடால் சீட்டை அவன் தூக்கிப் போடவில்லை. மெட்ராலஜி ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். கீழே பேனாவால் அவனே எழுதியிருக்கிறான்: "ஒரு ரீடிங், அளவு ஆகாது."

சிந்திப்போம், கேள்வி கேட்போம்! முதலில் அந்தத் தொட்டியைக் கழுவுவோம்!